றாம்ப்பில கார் ஏத்தி அடியில வேலை: ரைல்ஸ் போட்டிக்கோவோ, செம்மண் வளவோ?

கோப்பாய்121 எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வாகனம் ரொயோட்டா கொரோலா 121, 1என்.இசட்.-எஃப்.ஈ. எஞ்சின், ஒட்டோ கியர். வீட்டில செய்ய நினைக்கிற வேலை மூண்டு: எஞ்சின் ஒயிலும் பில்ரரும் மாத்துறது, அடிக் கவரைக் கழட்டி எங்கயிருந்து ஒயில் கசியுது எண்டு பாக்கிறது, முன்பக்க ஸ்ரபிலைசர் லிங்க் (ஸ்ரபிலைசர் கம்பியை ஷொக் அப்சோபரோட இணைக்கிற சின்னத் தண்டு) ரெண்டையும் மாத்துறது.

ஒரு சோடி இரும்பு றாம்ப் இருக்கு. உயரம் 8 அங்குலம். நீளம் 3 அடி, அதில 2 அடி சரிவு, 1 அடி மேல்தட்டு. அகலம் 9 அங்குலம். மேல்தட்டு முடியிற இடத்தில 2 அங்குலத் தடுப்பு இருக்கு. கீழ வெறும் கோண இரும்புச் சட்டம்தான், றபர் ஒண்டும் இல்லை.

பிரச்சினை இடம். போட்டிக்கோ ரைல்ஸ், நல்ல வழுவழுப்பு, மழைத்தண்ணி ஓடுறதுக்காகப் படலைப் பக்கம் சரிவு. வளவு செம்மண், இப்ப காய்ஞ்சு இறுகிக் கிடக்கு. ரைல்ஸில வைச்சு ஏத்தப் பாத்தால் சில்லு தொட்ட உடன றாம்ப் ரெண்டும் முன்னால வழுக்கிக்கொண்டு போகுது.

எங்க வைக்கிறது நல்லது? வழுக்காமல் என்ன செய்யலாம்? முன் பம்பர் முட்டுமோ? றாம்ப்பில நிக்கேக்கயும் ஸ்ராண்ட் (காரைத் தாங்கிற இரும்புக் கால்) வைக்க வேணுமோ? தனி ஆளா இதைச் செய்ய ஏலுமோ எண்டும் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

ஸ்பானர்பெட்டி எழுதியது:

முதல் வழுக்கிறதைப் பாப்பம், தம்பி.

121 முன்சில்லால இழுக்கிற கார். சில்லு றாம்ப்பின்ர நுனியைத் தொடேக்க காரின்ர பாரம் முழுக்க இன்னும் நிலத்திலதான் நிக்குது. நிலத்தில பிடிச்சுக்கொண்டு உருளுற ரயர், மேல ஒரு பாரமும் இல்லாத றாம்ப்பை முன்னால தள்ளிவிடுது. சரிவில கொஞ்சம் ஏறினால் பாரம் றாம்ப்பில விழும், அது நிலத்தோட அழுந்திப் பிடிக்கும். அதால வழுக்கல் வாறது பெரும்பாலும் முதல் 3, 4 அங்குலத்தில. அந்த இடத்தில பொறுமை கெட்டு அக்சிலேற்றரை அமத்தினால் அடுத்த ஆபத்து: ரயர் சுத்தி, இந்தமுறை றாம்ப்பைப் பின்னால, காருக்குக் கீழ எறியும். பாதி ஏறின கார் தொப்பெண்டு விழும். சம்ப்போ (எஞ்சினுக்குக் கீழ இருக்கிற ஒயில் தொட்டி) சில் பக்கமோ (கதவுக்குக் கீழ ஓடுற இரும்பு ஓரம்) றாம்ப்பில குத்தும்.

ரைல்ஸை விட்டிடுங்கோ. வழுக்கிறது மட்டுமில்லை. ரைல்ஸுக்குக் கீழ சாந்து நிரம்பாத வெற்றிடம் அங்கங்க இருக்கும், விரலால தட்டினால் பொள்ளல் சத்தம் கேக்கும். கோண இரும்பின்ர விளிம்பு அந்த இடத்தில நிண்டால் ரைல் வெடிக்கும், றாம்ப் ஒரு பக்கம் இறங்கும். கணக்குப் பாருங்கோ: கார் ஏறக்குறைய 1,050 கிலோ. முன்சில்லால இழுக்கிற காரில பாரத்தின்ர 60 சதவீதம் அளவு முன்னால இருக்கும். அப்ப ஒரு றாம்ப்பில 315 கிலோ மட்டில. அதை ரெண்டு மெல்லிய இரும்பு விளிம்பு தாங்குது.

செம்மண் வளவுதான் நல்லது, ஆனால் றாம்ப்பை மண்ணில நேரடியா வைக்கக்கூடாது. அதே விளிம்பு மண்ணை வெட்டிக்கொண்டு இறங்கும், ரெண்டு பக்கமும் ஒரே அளவு இறங்காது. ஒவ்வொரு றாம்ப்புக்கும் கீழ 5 அடி நீளம், 1 அடி அகலம், ஒரு அங்குலத்துக்குக் குறையாத தடிப்பில பலகை போடுங்கோ. 18 மி.மீ. பிளைவூட் எண்டால் ரெண்டு அடுக்கு. றாம்ப் 3 அடி, மிச்சம் 2 அடி காரைப் பாத்து நீட்டிக்கொண்டு இருக்கவேணும். ரயர் முதல் அந்த வாலில ஏறட்டும். பிறகு றாம்ப்புக்கு முன்னால, அதே பலகையில, 2×2 சட்டம் ஒண்டை நாலு ஸ்குறூ போட்டு இறுக்குங்கோ.

இப்ப ரயர் றாம்ப்பை முன்னால தள்ளினால் றாம்ப் சட்டத்தைத் தள்ளும், சட்டம் பலகையைத் தள்ளும். ஆனால் அதே ரயர்தான் பலகையின்ர வாலில பாரத்தோட நிண்டு அதைப் பின்னால உதைச்சுக்கொண்டு இருக்கு. ரெண்டு விசையும் ஒரே பலகைக்குள்ள அடிபட்டுப் போகும், றாம்ப் அசையாது. சீமெந்துத் தரையில செய்யிற ஆக்கள் பலகைக்குப் பதிலா பழைய கொன்வேயர் பெல்ற் துண்டை இதே மாதிரி வால் விட்டுப் போடலாம். ஆனால் பெல்ற்றை றாம்ப்போட போல்ற் போட்டு இணைக்கவேணும். சும்மா மேல வைச்சால் பாரமில்லாத றாம்ப் பெல்ற்றுக்கு மேலயே வழுக்கும். போல்ற் துளையை ஓரத்தில போடுங்கோ, ரயர் போற வழியில நட்டு வரக்கூடாது.

மாரி தொடங்கினால் செம்மண்ணில இந்த வேலை வேண்டாம். மேல காய்ஞ்ச மாதிரி இருக்கும், ஒரு அடி கீழ களியா இருக்கும்.

ஆனைக்கோட்டை_பலகை எழுதியது:

இரும்பு றாம்ப் இல்லாதவர்களும் இந்தத் திரியைப் பார்ப்பார்கள் என்பதால் மரத்தில் செய்யும் முறையை எழுதுகிறேன். என் எண்ணத்தில் வீட்டு வேலைக்கு மரமே நல்லது. அடிப்பக்கம் முழுவதும் நிலத்தில் படும், வெல்டிங் வெடிக்குமோ என்ற பயம் இல்லை, பழுதாகும்போது முதலில் முறுகும், சத்தம் போடும்.

10 அங்குல அகலம், 2 அங்குலத் தடிப்புள்ள பலகை எடுங்கள். அறுத்துச் சீவியபின் தடிப்பு 1¾ அங்குலம் அளவுக்கு வரும். ஒரு றாம்ப்புக்கு நான்கு துண்டுகள்: 48, 38, 28, 18 அங்குலம். பின்பக்கத்தைச் சமப்படுத்தி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் முன்பக்கம் 10 அங்குலத்துக்கு ஒரு படியாக வரும். உயரம் 7 அங்குலம். மேல் துண்டின் கடைசியில் 4 அங்குல அகலத்தில் இன்னொரு பலகைத் துண்டைக் குறுக்கே வைத்தால் அதுதான் தடுப்பு. சில்லு நிற்க 14 அங்குலம் மிஞ்சும். இரண்டு றாம்ப்புக்கும் தடுப்போடு சேர்த்து 24 அடி பலகை போதும். முதல் படியின் விளிம்பைச் சாய்வாகச் சீவிவிட்டால் ரயர் உதைக்காமல் ஏறும்.

ஆணி அடிக்காதீர்கள், கார் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் ஆணி கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். ஒவ்வொரு அடுக்கையும் கீழ் அடுக்கோடு 3 அங்குல ஸ்குறூ ஆறு போட்டு இறுக்குங்கள். ஸ்குறூக்களை ஒரே வரியில் போடவேண்டாம், நார் வழியே பலகை பிளக்கும். போடுமுன் சிறிய துளை இட்டுக்கொள்ளுங்கள்.

மரம் எது? வேம்பு, பாலை, முதிரை எதுவானாலும் காய்ந்ததாக, கணுவும் வெடிப்பும் இல்லாததாக இருக்கவேண்டும். பனை எடுப்பதானால் கவனம். பனையின் வைரம் வெளிப்புறத்தில்தான், உள்ளே வெறும் சோறு. வைரப் பக்கத்தில் அறுத்த சிலாகை பாரம் தாங்கும். உட்பக்கம் கலந்த துண்டு நசியும். பனங்குற்றியை உருளையாக அப்படியே வைப்பது கூடவே கூடாது, உருளக்கூடிய எதுவும் காருக்குக் கீழே இருக்கக்கூடாது.

இன்னுமொன்று. எங்கள் ஊரில் எந்த வளவிலும் கையெட்டும் தூரத்தில் சீமெந்துக்கல் கிடக்கும். அதை அடுக்கிக் கார் ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். மரம் முறுகி எச்சரிக்கும். சீமெந்துக்கல் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஒரே நொடியில் தூளாகும். சுவரில் அந்தக் கல்லின் முழுப் பரப்பிலும் பாரம் பரவி நிற்கிறது. காருக்குக் கீழே ஒரு மூலையில் குத்தும் பாரத்துக்கு அது செய்யப்படவில்லை. ஓட்டைக் கல் மட்டுமல்ல, திண்ணமான கல்லும் அப்படித்தான். சுண்ணாம்புக்கல்லும் அதேதான்.

கோப்பாய்121 எழுதியது:

மிச்சம் நன்றி. பலகை வால் விடுற யோசினை விளங்குது. பம்பர் பற்றி யாராவது? 121இன்ர முன்பக்கம் கொஞ்சம் நீளம், அதுதான் பயம்.

மட்டக்கோல் எழுதியது:

அளந்தால் பயம் போயிடும். ஒரு நேரான சட்டத்தை எடுத்து, ஒரு முனையை முன் ரயர் நிலத்தைத் தொடுற இடத்தில வையுங்கோ. மறுமுனையை, ரயருக்கு நேர் முன்னால பம்பரின்ர ஆகக் கீழ் விளிம்பைத் தொடும்வரை உயர்த்துங்கோ. அந்தச் சரிவு உங்கட றாம்ப்பின்ர சரிவைவிடக் கூடவா இருக்கவேணும்.

உங்கட றாம்ப் 24 அங்குலத்தில 8 அங்குலம் ஏறுது, அதாவது மூண்டுக்கு ஒண்டு. ரயர் தொடுற இடத்திலயிருந்து பம்பர் விளிம்பு 20 அங்குலம் முன்னால இருந்தால், அதின்ர உயரம் 6¾ அங்குலத்துக்குக் கூடவா இருக்கவேணும். ஒரு அங்குலமாவது மிஞ்சினால்தான் நான் ஏத்துவன், ஏனெண்டால் ஏறேக்க ஸ்பிறிங் அமுங்கி முன்பக்கம் கொஞ்சம் குனியும். அளக்கேக்க பம்பருக்குக் கீழ தொங்குற றபர் நாக்கைக் கணக்கெடுக்க வேண்டாம், அது வளைஞ்சு குடுக்கும்.

சரிவில தப்பினாலும் மேல்தட்டுத் தடுப்பில முட்டுற கார்கள் இருக்கு. தடுப்பு 2 அங்குலம் எண்டால் றாம்ப்பின்ர உச்சி 10 அங்குலம். சில்லு பாதிச் சரிவில நிக்கேக்க பம்பர் அந்தத் தடுப்புக்கு மேலால போகும். அதையும் காகிதத்தில கீறிப் பாருங்கோ.

போதாட்டி வழி இருக்கு. றாம்ப்பின்ர நுனிக்கு முன்னால 2 அங்குலப் பலகை ஒண்டு, 2 அடி நீளத்தில. பம்பர் சரிவுக்கு மேல வாறதுக்கு முன்னமே சில்லு 2 அங்குலம் உயர்ந்து நிக்கும். ஸ்பானர்பெட்டி அண்ணை சொன்ன வாலிலயே இந்தத் துண்டை ஸ்குறூ போட்டு இறுக்கலாம். தடுப்பில முட்டுறதுக்கு மட்டும் இது உதவாது. அதுக்குத் தடுப்பைத்தான் தாழ்த்தவேணும்.

ஸ்பானர்பெட்டி எழுதியது:

ஏத்துற முறையை எழுதாமல் விட்டிட்டன்.

இடம் மட்டமோ எண்டு மேசன்மாரின்ர ரசமட்டத்தால பாருங்கோ, நீளப்பாட்டுக்கும் குறுக்குப்பாட்டுக்கும். ஸ்ரியறிங் நேரா. ரெண்டு றாம்ப்பும் ரயருக்கு நேர் நடுவில, ஒண்டுக்கொண்டு சமாந்தரமா, நுனி ரெண்டும் ஒரே நேரத்தில ரயரைத் தொடுற மாதிரி. ஒண்டு ஒரு அங்குலம் முன்னுக்கு நிண்டாலும் கார் கோணலா ஏறும். உங்கட றாம்ப் 9 அங்குலம், ரயர் 7 அங்குலத்துக்குக் கிட்ட, அப்ப ஒரு பக்கத்துக்கு ஒரு அங்குலம்தான் இடைவெளி. அதால ஏறத் தொடங்கினாப் பிறகு ஸ்ரியறிங்கைத் தொட்டுத் திருத்தக்கூடாது. கோணல் எண்டால் இறங்கி, நேராக்கி, திரும்ப.

ஒருத்தர் வெளியில நிக்கவேணும், பக்கவாட்டில, ரெண்டு மீற்றர் தள்ளி. காருக்கு முன்னால நிக்கவே கூடாது. யன்னலைத் திறந்து வையுங்கோ, றேடியோ வேண்டாம். ஒட்டோ கியர் எண்டபடியால் டி-யில போட்டு, இடக்கால் வலக்கால் எண்டு குழப்பாமல், பிறேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு, தேவையான அளவு மட்டும் அக்சிலேற்றர். மேல்தட்டுக்கு வந்ததும் பொனட் சாய்ஞ்சு மட்டமாகிறது தெரியும், சில்லு தடுப்பைத் தொடுறதும் தெரியும். அந்த இடத்தில பிறேக்கைப் பட்டெண்டு அடிக்காதேங்கோ. மேல நிண்டு பிறேக் அடிச்சால் காரின்ர வேகம் முழுக்க றாம்ப்பைத்தான் முன்னால தள்ளும்.

நிண்டதும் ஒழுங்கு இது: கால் பிறேக் அமத்தினபடி கான்ட் பிறேக்கை முழுக்க இழுத்து, பிறகு பி-யில போட்டு, பிறகு காலை எடுங்கோ. அப்பதான் பாரம் கான்ட் பிறேக்கில நிக்கும், கியர்பொக்ஸுக்குள்ள இருக்கிற சின்னப் பல்லில தொங்காது. முன்பக்கம் றாம்ப்பில நிக்கேக்க கான்ட் பிறேக் நிலத்தில நிக்கிற பின்சில்லைப் பிடிக்கும், இது நல்ல நிலை. அதோட பின்சில்லு ரெண்டுக்கும் முன்னாலயும் பின்னாலயும் கட்டை. கட்டையின்ர உயரம் சில்லு உயரத்தில கால்வாசி; 24 அங்குலச் சில்லுக்கு 6 அங்குலம். செங்கல் துண்டும் உருண்டைக் கல்லும் கட்டை இல்லை. சாய்வா வெட்டின மரம் வேணும்.

ஸ்ராண்ட் வேணுமோ எண்டு கேட்டீங்கள். வேணும். றாம்ப் முதல் ஆதாரம், ஸ்ராண்ட் ரெண்டாவது. சில் ஓரத்தில, முன்பக்க ஜக் வைக்கிற வெட்டுக்கு நேர கீழ ஸ்ராண்ட் ஒவ்வொண்டு, மெல்லத் தொடுற அளவுக்கு உயர்த்திப் பூட்டி விடுங்கோ. அதுக்கும் கீழ பலகை. ஸ்ராண்ட் இல்லையெண்டால் உதவிச் சில்லையும் கழட்டி வைச்ச வேறு சில்லையும் சில் ஓரத்துக்குக் கீழ படுக்கப்போட்டு விடுங்கோ. கார் இறங்கினாலும் உங்களுக்கு மூச்சுவிட இடம் இருக்கும். ஜக்கை மட்டும் நம்பி ஒருநாளும் அடியில போகாதேங்கோ. ஜக் தூக்குறதுக்கு, பிடிச்சு வைச்சிருக்கிறதுக்கு இல்லை.

அடியில போக முதல், பக்கத்தில நிண்டு இடுப்பால காரை நல்லா ஆட்டுங்கோ. காருக்குள்ள ஸ்பிறிங் ஆடும், அது சரி. றாம்ப் ஆடினால், பலகை கிறீச் எண்டால், இறக்கித் திரும்ப வையுங்கோ.

தனியா: ஏலும், ஆனால் ஓட்டி ஏத்தவேண்டாம். கட்டை வைச்சு, ஒரு பக்கத்தை ஜக்கால உயர்த்தி, சில்லுக்குக் கீழ றாம்ப்பின்ர மேல்தட்டைச் செருகி இறக்கி, பிறகு மற்றப் பக்கம். சில்லு தட்டின்ர நடுவில இருக்குதோ எண்டு ரெண்டு பக்கமும் போய்ப் பாருங்கோ. அடியில படுக்கேக்க மட்டும் வீட்டில ஒருத்தருக்குச் சொல்லிப்போட்டுப் படுங்கோ, கைப்பேசி கையெட்டுற தூரத்தில.

கோப்பாய்121 எழுதியது:

ஸ்ரபிலைசர் லிங்கையும் இதிலயே செய்யலாமோ? சில்லு ரெண்டும் ஒரே உயரத்தில நிக்குதுதானே?

மட்டக்கோல் எழுதியது:

ரெண்டு சில்லும் ஒரே உயரத்தில நிண்டால் ஸ்ரபிலைசர் கம்பியில முறுக்கு இருக்காது, நட்டு கழட்டினாலும் உதைக்காது. அது உண்மை. ஆனால் மேல் நட்டு ஷொக் அப்சோபரில, சில்லுக்கு உள்பக்கமா இருக்கு. சில்லு பூட்டியிருக்கேக்க ஸ்பானர் பிடிச்சுச் சுத்த இடம் காணாது. நட்டோட சேர்ந்து உள் ஆணியும் சுத்தும், அதைப் பிடிக்க அலன் சாவி போடவும் இடம் வேணும். சில்லு கழட்டவேண்டிய வேலை எல்லாம் றாம்ப்பில நடக்காது. லிங்குக்கு முன்பக்கம் ரெண்டையும் ஜக்கால உயர்த்தி, ரெண்டு பக்கமும் ஸ்ராண்டில நிப்பாட்டிச் செய்யுங்கோ. ஒரு பக்கம் மட்டும் உயர்த்தினால் கம்பி முறுகி நிக்கும், லிங்க் துளைக்குள்ள போகாது, பழைய லிங்க் கழரேக்க கையில அடிக்கும். சில்லுத் திருப்பிப் பூட்டேக்க நட்டு 103 நியூட்டன் மீற்றர், கார் நிலத்தில இறங்கினாப் பிறகு.

றாம்ப் இல்லாமல் ஒழுங்காச் செய்ய ஏலாத ஒரு வேலையும் இருக்கு. லோவர் ஆம் புஷ் (சில்லைப் பிடிக்கிற கீழ்க் கையின்ர றபர் மூட்டு) மாத்துற ஆக்கள் கவனிக்கவேணும். சில்லு தொங்கிக்கொண்டு நிக்கேக்க அந்த போல்ற்றை முழுக்க இறுக்கினால், புஷ்ஷின்ர றபர் அந்தத் தொங்கின நிலையில பூட்டுப்படும். கார் இறங்கினதும் றபர் எந்நேரமும் முறுகினபடியே நிக்கும், கெதியில கிழியும். அதால ஸ்ராண்டில போல்ற்றை அளவா இறுக்கி, சில்லு பூட்டி, காரை றாம்ப்பில ஏத்தி, பாரம் சில்லில நிக்கேக்க கடைசி இறுக்கு. புது புஷ் கொஞ்ச நாளிலயே சத்தம் போடுது எண்டு வாற முறைப்பாட்டில கனக்க இதாலதான்.

ஸ்பானர்பெட்டி எழுதியது:

லிங்க் பற்றிச் சொன்னது சரி. ஒயில் வேலையை நான் சொல்லுறன்.

எஞ்சினை அஞ்சு நிமிசம் ஓடவிட்டு, இளஞ்சூட்டில ஏத்துங்கோ. ஓடி வந்த உடன வேண்டாம், ஒயிலும் சைலன்சர் குழாயும் கையைச் சுடும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். அடிக் கவரைக் கழட்டேக்க அதுக்கு மேல சேர்ந்த செம்மண் முழுக்க முகத்தில கொட்டும்.

ஒயில் வடிக்கிற ஆணியைத் தொட முதல் எது எஞ்சின், எது கியர்பொக்ஸ் எண்டு பாருங்கோ. 121இல எஞ்சின் வலப்பக்கம், அதாவது சாரதி இருக்கிற பக்கம். கியர்பொக்ஸ் இடப்பக்கம். கியர் ஒயிலை வடியவிட்டு, எஞ்சினுக்கு மேலதிகமா இன்னொரு 3.7 லீற்றர் ஊத்தின கார்கள் வேலைக்கு வாறது நடக்கிற விசயம். ஆணி 14 மி.மீ. சொக்கற். 6 லீற்றருக்குக் குறையாத வாய் அகன்ற பேசின் வையுங்கோ. முதல் பாய்ச்சல் நேர கீழ விழாது, ஒரு அடி தள்ளி விழும். பழைய வொஷரைத் திரும்பப் போடாதேங்கோ, புதுசு. ஆணிக்கு 37 நியூட்டன் மீற்றர் காணும். ரோர்க் சாவி இல்லாத ஆக்கள் நீளமான பிடி போட்டு இறுக்கித்தான் புரியைக் கெடுக்கிறது.

பில்ரர் கழண்டதும் அதின்ர றபர் வளையம் பில்ரரோட வந்துதோ எண்டு பாருங்கோ. எஞ்சினில ஒட்டி நிண்டு, அதுக்கு மேல புது வளையம் ஏறினால், ஓடத் தொடங்கி நிமிசக் கணக்கில ஒயில் முழுக்க வெளியில. புது வளையத்தில ஒயில் தடவி, கையால தொடும்வரை பூட்டி, அதுக்குப் பிறகு முக்கால் சுத்து.

1என்.இசட்.-எஃப்.ஈ. எஞ்சினுக்கு பில்ரரோட 3.7 லீற்றர், 5டபிள்யூ-30. முதல் 3.4 ஊத்துங்கோ. ஒரு நிமிசம் ஓடவிட்டு நிப்பாட்டி, ஆணியிலயும் பில்ரரிலயும் கசிவு பாத்து, பிறகு காரை இறக்கி மட்டமான இடத்தில அஞ்சு நிமிசம் விட்டுத்தான் ஒயில் அளவுக் குச்சி பாக்கவேணும். றாம்ப்பில நிக்கேக்க குச்சி பொய் சொல்லும்: 8 அங்குலம் உயர்ந்தால் இந்தக் காரின்ர மூக்கு 4 பாகைக்கு மேல நிமிரும், சம்ப்புக்குள்ள ஒயில் பின்னால சாயும். கியர் ஒயில் மட்டத்துக்கும் இதே கதைதான். மனுவல் கியர்பொக்ஸில நிரப்புற துளையால வழியும்வரை ஊத்திறதை றாம்ப்பில செய்தால் அளவு பிழைக்கும்.

இறக்கேக்க: ஸ்ராண்டும் பின் கட்டைகளும் எடுத்தாச்சோ எண்டு சுத்தி வந்து பாருங்கோ. கட்டை நிண்டால் றிவேர்ஸில கார் நகராது, உடன காலை அமத்தத் தோணும், கட்டைக்கு மேலால பாயும்.

வான்காரர் எழுதியது:

சுசுகி எவ்ரி வான் வைச்சிருக்கிற ஆக்களுக்கு ஒரு குறிப்பு. அது பின்சில்லால தள்ளுற வாகனம். முன்சில்லு தானா ஏறாது, பின்னால இருந்து தள்ளுப்பட்டுத்தான் ஏறும். அதால சரிவு முடியும்வரை றாம்ப்பை முன்னால தள்ளிக்கொண்டே இருக்கும், மேல சொன்ன சட்டத்தடுப்பு இல்லாமல் ஏத்தவே கூடாது. பின்பக்கத்தை றிவேர்ஸில ஏத்தினால் கான்ட் பிறேக் பிடிக்கிற சில்லு றாம்ப்பில நிக்கும், நிலத்தில நிக்கிற முன்சில்லைப் பிடிக்க ஒண்டுமில்லை. அப்ப முன்சில்லுக்கு ரெண்டு பக்கமும் கட்டை கட்டாயம்.

ரொயோட்டா அக்குவா போல ஹைபிரிட் எண்டால் றெடி லைற் எரியேக்க எஞ்சின் நிண்டமாதிரி இருக்கும், பற்றரி குறைய தானா ஸ்ராட் எடுக்கும். பவரை நிப்பாட்டி, சாவியை வீட்டுக்குள்ள கொண்டுபோய் வைச்சிட்டு அடியில போங்கோ. செம்மஞ்சள் வயரில கை வைக்காதேங்கோ.

நன்னீர் எழுதியது:

எல்லாரும் ஒயிலை வடிப்பது பற்றி எழுதினீர்கள். வடித்த 3.7 லீற்றர் எங்கே போகிறது?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. குடிக்கிற தண்ணீர் கிணற்றில், கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள். மழை எந்த வழியால் இறங்குகிறதோ அதே வழியால் ஒயிலும் இறங்கும். நிலாவரை ஆழ்கிணற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எங்கள் காலுக்குக் கீழே கல் எவ்வளவு பொள்ளல் என்று. சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்து சனம் பட்ட பாடு எல்லாரும் அறிந்தது. ஒரு வளவின் வேலி ஓரத்தில் ஊற்றுவது அந்த வளவோடு நிற்காது.

செய்யவேண்டியது சின்ன வேலை. வேலை தொடங்குமுன் எஞ்சினுக்குக் கீழே பழைய தறப்பாள் ஒன்றை விரித்து, அதன்மேல் மட்டைப்பெட்டி, அதன்மேல் பேசின். வடித்ததைப் புது ஒயில் வந்த கானிலேயே ஊற்றி இறுக மூடுங்கள். கூலன்ற், பெற்றோல், தண்ணீர் எதையும் கலக்காதீர்கள், கலந்ததை எடுப்பவர்கள் வாங்கமாட்டார்கள். பழைய பில்ரரை வாய் கீழாக ஓர் இரவு பேசினில் கவிழ்த்து வைத்தால் உள்ளே நிற்பதும் வடியும். கழிவு ஒயில் சேர்க்கும் சேர்விஸ் நிலையத்தில் கானோடு கொடுங்கள். மண்ணில் சிந்தினால் மரத்தூள் கொட்டி ஊறவிட்டு, மேல்மண்ணோடு சேர்த்து அள்ளுங்கள்; தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கீழே அனுப்புவதுதான் நடக்கும். கறையானுக்கென்று வேலிக் கட்டையில் பூசுவதும் கிணற்றுக்குக் கிட்ட வேண்டாம். பாவித்த ஒயில் தோலுக்கும் கூடாது. கையுறை போடுங்கள், ஒயில் பட்ட சாறத்தோடு இருக்காதீர்கள்.

கோப்பாய்121 எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. முடிவு: வளவில, பலகை வாலோட, முன்னால சட்டத்தடுப்பு. பம்பர் விளிம்பு ரயர் தொடுற இடத்திலயிருந்து 19 அங்குலம் முன்னால, உயரம் 7 அங்குலம். லிங்க் வேலை தனியா ஸ்ராண்டில. இதில பிழை ஏதும் இருந்தால் சொல்லுங்கோ.

மட்டக்கோல் எழுதியது:

19ஐ மூண்டால பிரிச்சால் 6⅓. மிஞ்சுறது ஒரு அங்குலத்துக்குக் குறைவு. வாலில 2 அங்குலப் பலகைத் துண்டையும் சேருங்கோ. தடுப்பையும் ஒருக்கா கீறிப் பாருங்கோ. ஏத்தேக்க முதல்முறை பாதிச் சரிவில நிப்பாட்டி, பக்கத்தில நிக்கிறவர் குனிஞ்சு தடுப்புக்கும் பம்பருக்கும் நடுவில எத்தினை விரல் போகுது எண்டு சொல்லட்டும். ரெண்டு விரல் போகாட்டி மேல ஏத்தாமல் இறக்குங்கோ.